கேமரா கேள்வி பதில்: ஃபோகஸ் தேடும் ஜூம், நிற்காத நடுக்கம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். கேமரா ஒரு கம்பெனி, ஜூம் லென்ஸ் வேறு கம்பெனி. ஃபோகஸ் ஆகவில்லை, அல்லது ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கம் படத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்ளும் வசதி) வேலை செய்யவில்லை. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மதுரையில் ரிப்பேர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து எனக்கு 19 வருடம் ஆகிறது. அதற்கு முன் கல்யாண போட்டோகிராபர். "லென்ஸ் போச்சு" என்று சொல்லி என்னிடம் கொண்டுவருவதில் நிறைய லென்ஸ்கள் போகவே இல்லை. கோளாறு லென்ஸிலா, பாடியிலா, இரண்டுக்கும் நடுவிலா என்று பிரித்துப் பார்க்காமலேயே பலர் புது லென்ஸுக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். அது எனக்கு மனசு கேட்காத விஷயம்.

கேள்வி: ஐயா, கேனான் பாடியில் வேறு கம்பெனியின் 18-200 மி.மீ. ஜூம் போட்டிருக்கிறேன். 18-லிருந்து 70 வரை சுத்தமாக ஃபோகஸ் ஆகிறது. அதற்கு மேல் திருகினால் மோட்டார் சத்தமே கேட்பதில்லை. சில நேரம் 'எர்ரர் 01' வந்து கேமரா நின்றுவிடுகிறது. காண்டாக்ட்டைத் (பாடியும் லென்ஸும் தொட்டுக்கொள்ளும் உலோகப் புள்ளிகள்) துடைத்துப் பார்த்துவிட்டேன். மோட்டார் போய்விட்டது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார் கடைக்காரர்.
— கல்யாண போட்டோகிராபர், திண்டுக்கல்

மோட்டார் போயிருந்தால் 18-லும் ஓடாது. 70 வரை ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதுதான் முக்கியமான தடயம்.

எர்ரர் 01 என்றால் பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே தகவல் சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். அதனால்தான் 'காண்டாக்ட்டைத் துடைக்கவும்' என்று திரையில் வருகிறது. ஆனால் காண்டாக்ட்டில் அழுக்கு இருந்தால் ஜூம் எங்கே நின்றாலும் தகராறு வரும். குறிப்பிட்ட இடத்தைத் தாண்டினால் மட்டும் வருகிறது என்றால், ஜூம் திருகும்போது அசைகிற ஏதோ ஒன்றில் கோளாறு. அப்படி அசைகிற மின்சாரப் பொருள்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃப்ளெக்ஸ் கேபிள்.

பிரித்தால் உள்ளே தெரியும். வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசான பட்டை, நிறமும் ஏறக்குறைய அதேதான். அதன் மேல் முடி கனத்தில் செம்புக் கோடுகள். பின்பக்கம் இருக்கும் சர்க்யூட் போர்டிலிருந்து முன்பக்கம் இருக்கும் மோட்டாருக்கும் அபெர்ச்சருக்கும் (ஒளி நுழையும் துளை) இதுதான் கரண்ட் கொண்டுபோகிறது. நீங்கள் ஜூம் திருகும் ஒவ்வொரு முறையும் இது மடிந்து விரிகிறது. ஒரு முகூர்த்தத்துக்கு எத்தனை முறை திருகுவீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நாலைந்து சீசன் போனதும் மடிப்பு விழுகிற இடத்தில் செம்புக்கோடு விரிசல் விடும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் கோட்டின் குறுக்கே இன்னொரு கோடு தெரியும். 18-ல் பட்டை மடிந்திருக்கும்போது விரிசலின் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டிருக்கும், வேலை நடக்கும். 100-க்குத் திருகியதும் பட்டை இழுபடும், கரை பிரியும், மோட்டார் நின்றுவிடும்.

வீட்டிலேயே உறுதிசெய்து கொள்ளலாம். வெளிச்சமான இடத்தில் ஷட்டரைப் பாதி அழுத்திப் பிடித்தபடி ஜூமை மெதுவாகத் திருகுங்கள். எந்த எண்ணில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி செய்யுங்கள். அதே இடத்தில் நின்றால் பெரும்பாலும் கேபிள்தான். அப்புறம் அபெர்ச்சரை முழுசாகத் திறந்து ஒரு படம், எஃப் 8-க்குச் சுருக்கி ஒரு படம் எடுங்கள். திறந்து எடுக்கும்போது சரியாக வந்து, எஃப் 8-ல் எர்ரர் வந்தால் அபெர்ச்சருக்குப் போகும் கேபிளிலும் விரிசல் இருக்கிறது. ரிப்பேருக்குக் கொடுக்கும்போது இந்த இரண்டு விவரத்தையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள். அங்கே இருப்பவருக்குப் பாதி வேலை முடிந்தது. கேபிள் விலை அதிகமில்லை, பிரித்துச் சேர்க்கும் கூலிதான் அதிகம். ஆனாலும் புது லென்ஸ் விலை ஆகாது.

நீங்களே பிரிக்காதீர்கள். உள்ளே மெல்லிய வளையங்கள் இருக்கும். கண்ணாடிகள் நேராக உட்கார்வதற்காக வைத்தவை. ஒன்று இடம் மாறிப் பூட்டிவிட்டால் படத்தில் ஒரு பக்கம் மட்டும் மங்கும். அதைச் சரிசெய்வது கேபிள் மாற்றுவதைவிடப் பெரிய வேலை.

இதே கோளாறு எனக்கு ஒரு கல்யாணத்தில் வந்தது. வாடிப்பட்டி பக்கம், 2004. கெட்டிமேளம் கொட்டுகிற நேரம், ஜூம் 135-ல் செத்துவிட்டது. ஒரு நொடி கை நடுங்கியது. பிறகு ஜூமை 35-க்குத் திருப்பிக்கொண்டு, பெண்ணின் அத்தைமார்கள் நடுவே நுழைந்து மணவறை ஓரத்துக்கே போய்விட்டேன். மூன்றாம் முடிச்சுப் போடும் விரல்கள் படம் முழுக்க வந்தன. நாளைக்கு உங்களுக்கும் வேலை நடுவில் நின்றுபோனால் லென்ஸோடு போராடாதீர்கள். ஓடுகிற எண்ணுக்குத் திருப்பிக்கொண்டு நடந்து போங்கள். அன்று ராத்திரி வீட்டில் பிரித்துப் பார்த்ததுதான் நான் பிரித்த முதல் லென்ஸ்.

கேள்வி: சோனி ஏ6400-க்கு சிக்மா 18-50 எஃப் 2.8 வாங்கினேன். முன்பு கேமராவோடு வந்த 16-50-ல் மெனுவில் ஸ்டெடிஷாட் ஆன் செய்ய முடிந்தது. இப்போது அந்த இடம் சாம்பல் நிறமாகிவிட்டது. தாராசுரத்தில் தூண் சிற்பங்கள் எடுத்தேன், பாதிக்கு மேல் ஷேக். லென்ஸ் பழுதா?
— வாசகி, கும்பகோணம்

பழுது இல்லை அம்மா. அந்த லென்ஸில் ஸ்டெபிலைசேஷனே கிடையாது. ஏ6400 பாடியிலும் கிடையாது. முன்பு வேலை செய்தது 16-50-க்குள் இருந்த ஓ.எஸ்.எஸ்., அதாவது சோனி லென்ஸின் ஸ்டெபிலைசேஷன். லென்ஸைக் கழற்றியதும் அதுவும் கூடவே போய்விட்டது. இரண்டில் எதிலுமே இல்லாததை எப்படி ஆன் செய்வது? அதனால்தான் மெனு மங்கிவிட்டது.

வாங்கும்போது கடையில் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதில்லை, அதுதான் வருத்தம். சோனி பாடிகளில் ஏ6500, ஏ6600 மாதிரி சிலவற்றில் படம் பதியும் சென்சாரே அசைந்து நடுக்கத்தை வாங்கிக்கொள்ளும். அவற்றில் இந்த சிக்மாவைப் போட்டால் குறையே தெரியாது. ஏ6400, இசட்வி-இ10 மாதிரிப் பாடி வைத்திருப்பவர்கள்தான் லென்ஸில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இதே எஃப் 2.8-ல் டாம்ரான் 17-70 இருக்கிறது. அதில் வி.சி. (டாம்ரானின் ஸ்டெபிலைசேஷன்) உண்டு. ஆனால் அது 525 கிராம், உங்களுடையது 290 கிராம். அந்த எடை வித்தியாசத்தைக் கழுத்து உடனே சொல்லும்.

மாற்ற வேண்டாம் என்றால், 50-ல் எடுக்கும்போது ஷட்டர் ஸ்பீடு 1/80-க்குக் கீழே போகவிடாதீர்கள். ஐ.எஸ்.ஓ.வை (சென்சாரின் ஒளி உணர்திறன்) 3200 வரை தயங்காமல் ஏற்றுங்கள். அந்த சென்சார் தாங்கும், கொஞ்சம் நாய்ஸ் வந்தாலும் சிற்பத்தின் விரல் விரலாகத் தெரியும். முக்காலிக்குத் தொல்லியல் துறை அனுமதி வாங்க வேண்டும் என்பதால் தூணில் தோளைச் சாய்த்துக்கொண்டு, மூச்சை விட்டு முடித்த நொடியில் அழுத்துங்கள். மூன்று மூன்று படமாகத் தொடர்ந்து எடுங்கள். நடுவில் இருப்பது பெரும்பாலும் சுத்தமாக வரும், ஏனென்றால் விரல் பட்டனை அழுத்தும்போதும் விடும்போதும்தான் கேமரா அசைகிறது.

கேள்வி: பரதநாட்டிய நிகழ்ச்சியில் ஸ்டெபிலைசேஷன் ஆன் செய்துதான் எடுத்தேன். தூண், திரை எல்லாம் ஷார்ப். ஆடுபவரின் கைகள் மட்டும் மங்கல்.
— கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

தம்பி, ஸ்டெபிலைசேஷன் உங்கள் கையின் ஆட்டத்தைத்தான் நிறுத்தும், அவர்கள் கையின் ஆட்டத்தை இல்லை. ஷட்டர் ஸ்பீடு 1/250, வேகமான ஜதிக்கு 1/500. லென்ஸ் நன்றாக இருக்கிறது.

கேள்வி: நிக்கான் டி7200, சிக்மா 150-600 கண்டெம்பரரி. கூந்தன்குளம் போனால் 600-ல் ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கிறது. பறவை பறந்து போன பிறகுதான் பிடிக்கிறது. பிடித்த படங்களும் 11 மணிக்கு மேல் சொதசொதவென்று இருக்கின்றன. 1.4 கன்வெர்ட்டர் (லென்ஸுக்குப் பின்னால் மாட்டி இன்னும் கிட்டே இழுக்கும் துணை லென்ஸ்) போட்டால் ஃபோகஸே இல்லை. லென்ஸை சர்வீஸுக்கு அனுப்பலாமா?
— வங்கி ஊழியர், திருநெல்வேலி

அனுப்புவதற்கு முன் இந்தப் பதிலை ஒரு தடவை படித்துவிடுங்கள். நீங்கள் சொல்வது மூன்று தனித்தனி விஷயம். எனக்குத் தெரிந்தவரை எதுவுமே பழுது இல்லை.

முதலில் லென்ஸின் இடது பக்கம் இருக்கும் ஃபோகஸ் லிமிட்டர் சுவிட்சைப் பாருங்கள். மூன்று நிலை இருக்கும்: முழு தூரம், 10 மீட்டருக்கு மேல், 2.8-லிருந்து 10 மீட்டர் வரை. கரையில் நின்று கொக்கு, நாரை எடுக்கும்போது முழு தூரத்தில் வைத்திருந்தால், ஒருமுறை தவறவிட்ட ஃபோகஸ் 2.8 மீட்டர் வரை வந்து திரும்பிப் போகும். அந்தப் பயணத்துக்குள் பறவை போய்விடும். 10 மீட்டருக்கு மேல் என்று வைத்தால் பாதி தேடல் அங்கேயே நிற்கும். பைக்குள் போடும்போது இந்த சுவிட்ச் தானாகவே நகர்ந்துவிடும். கிட்டத் தூரத்து நிலையில் மாட்டிக்கொண்டால் தூரத்துப் பறவைக்கு ஃபோகஸே கிடைக்காது. "ஆட்டோஃபோகஸ் செத்துவிட்டது" என்று தூக்கிக்கொண்டு வந்த இரண்டு பேருக்கு நான் செய்த ரிப்பேர் அந்த சுவிட்சைத் தள்ளியதுதான். காசு வாங்கவில்லை.

அடுத்தது வெளிச்சம். 600-ல் உங்கள் லென்ஸ் எஃப் 6.3. இந்த எண் கூடக் கூட உள்ளே வரும் ஒளி குறையும். டி.எஸ்.எல்.ஆர். ஃபோகஸ் பாயிண்ட்டுகள் பெரும்பாலும் எஃப் 5.6 வரை வருகிற ஒளியை நம்பிச் செய்தவை. டி7200-ல் நடுப் பாயிண்ட் ஒன்று மட்டும் எஃப் 8 வரை தாங்கும். ஆகவே 600-ல் நடுப் பாயிண்ட்டை மட்டும் பயன்படுத்துங்கள், ஓரப் பாயிண்ட்டுகளை மறந்துவிடுங்கள். கன்வெர்ட்டர் கணக்கும் இதேதான்: 6.3-ஐ 1.4-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 9. எட்டைத் தாண்டியாயிற்று, நடுப் பாயிண்ட்டும் கைவிட்டுவிடும். கன்வெர்ட்டரை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். முன்னால் மலிவான யு.வி. ஃபில்டர் மாட்டியிருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். இவ்வளவு நீள லென்ஸில் சுமாரான கண்ணாடி ஒன்று கூடினாலே படமும் கெடும், ஃபோகஸும் தடுமாறும்.

மூன்றாவது, 11 மணி. காலை ஏழு மணிக்கு அதே கரையில் எடுத்த படங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவை ஷார்ப்பாக இருந்தால் லென்ஸுக்கு ஒன்றுமில்லை. வெயில் ஏறியதும் தரைக்கும் தண்ணீருக்கும் மேலே காற்று கொதிக்க ஆரம்பிக்கும். தார் ரோட்டில் கானல் தெரிகிறதே, அதே காற்றின் வழியாகத்தான் 600 மி.மீ.-ல் நீங்கள் 100 மீட்டர் தூரத்து நாரையைப் பார்க்கிறீர்கள். எந்த லென்ஸும், நிக்கானின் விலை உயர்ந்த லென்ஸும்கூட, அந்தக் காற்றை விலக்காது. பறவை கிட்டே வரும்வரை காத்திருக்கலாம், இல்லையென்றால் ஒன்பது மணிக்கே கேமராவை மூடிவிட்டுப் பறவைகளை வெறும் கண்ணால் பார்க்கலாம். நான் போகும்போது இரண்டாவதைத்தான் செய்கிறேன்.

ஓ.எஸ். (சிக்மாவின் ஸ்டெபிலைசேஷன்) பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பாதி அழுத்தியதும் அது நிதானத்துக்கு வர ஒரு நொடி ஆகும். காட்சி கண்ணுக்குள் 'கப்'பென்று நின்ற பிறகு முழுசாக அழுத்துங்கள். பறக்கும் பறவைக்கு 1/2000-ல் எடுக்கும்போது ஓ.எஸ். தேவையில்லை, அணைத்துவிடலாம். முக்காலியில் இறுக்கமாகப் பூட்டியிருந்தாலும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் இல்லாத நடுக்கத்தைத் தேடி அதுவே காட்சியை மெல்ல நகர்த்தும்.

கேள்வி: லென்ஸை ஆட்டினால் உள்ளே கடகடவென்கிறது. ஆன் செய்தால் 'டிக்' என்று ஒரு சத்தம். உடைந்துவிட்டதா?
— வாசகர், தேனி

ஸ்டெபிலைசேஷன் உள்ள லென்ஸ்களில் ஒரு கண்ணாடிக் கூட்டம் மிதந்துகொண்டிருக்கும். அணைத்திருக்கும்போது அது கொஞ்சம் ஆடும், ஆன் ஆகும்போது பூட்டு விடுபடும் சத்தம் கேட்கும். படம் நன்றாக வந்தால் கவலை வேண்டாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஸ்டெபிலைசேஷன் ஓடிக்கொண்டிருக்கும்போதே லென்ஸைக் கழற்றவோ பேட்டரியை உருவவோ கூடாது. அந்தக் கண்ணாடி பூட்டாமலே நின்றுவிடும், பைக் பயணத்தில் அடிபடும். கேமராவை அணைத்து, இரண்டு நொடி விட்டுக் கழற்றுங்கள். அப்புறம், ஆன் செய்த பிறகும் காட்சி தூக்கித் தூக்கிப் போட்டால், அது வேறு கதை. கொண்டு வாருங்கள்.

கேள்வி: கேனான் 700டி, சிக்மா 17-70 கண்டெம்பரரி. முகத்தில் கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் காது ஷார்ப்பாக வருகிறது. லைவ் வியூவில் (பின்பக்கத் திரையைப் பார்த்து) எடுத்தால் கண் சரியாக வருகிறது.
— ஸ்டுடியோ உரிமையாளர், சிவகாசி

லைவ் வியூவில் எடுத்துப் பார்த்தீர்களே, அதுதான் சரியான சோதனை. அப்போது சென்சாரே பார்த்து ஃபோகஸ் செய்கிறது. வியூஃபைண்டரில் பார்க்கும்போது பாடிக்குள் ஒளியைத் திருப்பிவிடும் மிரருக்குக் கீழே இருக்கும் தனி ஃபோகஸ் சென்சார் கணக்குப் போட்டுச் சொல்கிறது. ஒன்று சரி, ஒன்று தவறு என்றால் லென்ஸ் கண்ணாடிகளில் குறையில்லை, கணக்கில்தான் சின்னப் பிசகு. சொந்தக் கம்பெனி லென்ஸிலும் இது வரும்.

உங்கள் ஊரில் தீப்பெட்டிக்குப் பஞ்சமில்லை. ஐந்து தீப்பெட்டிகளைக் குறுக்குச் சாய்வாக, ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு விரல்கடை இடைவெளியில் நிறுத்துங்கள். முக்காலியில் கேமரா, அபெர்ச்சர் முழுத் திறப்பு, நடுப் பெட்டியின் லேபிளுக்கு ஃபோகஸ். ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டுப் பத்துப் படம் எடுங்கள். பத்திலும் பின்பெட்டியே ஷார்ப்பாக வந்தால் திருத்த முடியும். ஒருமுறை முன்னே, ஒருமுறை பின்னே என்று மாறி மாறி வந்தால் எந்தத் திருத்தமும் உதவாது, லென்ஸைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இதைத் திண்ணையில், காலை வெளிச்சத்தில் செய்யுங்கள். பல்பு வெளிச்சத்தில் ஃபோகஸ் கணக்கே கொஞ்சம் மாறும்.

700டி-யில் ஃபோகஸைத் திருத்தும் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. ஆனால் உங்கள் லென்ஸ் சிக்மாவின் யு.எஸ்.பி. டாக் ஏற்கும் வகை. லென்ஸை அதில் பூட்டிக் கம்ப்யூட்டரில் இணைத்தால் நான்கு ஜூம் நிலை, ஒவ்வொன்றிலும் நான்கு தூரம், ஆக 16 இடங்களில் தனித்தனியாகத் திருத்தலாம். ஜூம் லென்ஸில் 17-ல் இருக்கும் பிசகு 70-ல் இருப்பதில்லை என்பதால் இது பெரிய வசதி. டாக் கேனானுக்கு உரியதாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: நிக்கான் டி7000-ல் நன்றாக ஓடிய பழைய வெளிக் கம்பெனி 70-300, இப்போது இசட்50-ல் எஃப்.டி.இசட். அடாப்டர் (பழைய நிக்கான் மவுண்ட் லென்ஸை இசட் பாடியில் மாட்டும் வளையம்) போட்டால் ஃபோகஸ் ஆவதில்லை. தர்ட் பார்ட்டி லென்ஸ் வாங்கியதே தப்போ?
— ஆசிரியர், ஈரோடு

லென்ஸின் பின்பக்க வளையத்தைப் பாருங்கள், சார். திருப்புளி நுனி நுழைகிற மாதிரி ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறதா? இருந்தால் பெரும்பாலும் லென்ஸுக்குள் மோட்டார் இல்லை. டி7000 பாடியில் இருந்த மோட்டார்தான் அந்தத் திருகைச் சுற்றி ஃபோகஸ் செய்தது. எஃப்.டி.இசட்.-ல் அது கிடையாது. டி3000, டி5000 வரிசைப் பாடிகளிலும் கிடையாது. நிக்கானின் சொந்தப் பழைய லென்ஸைப் போட்டாலும் இதே கதிதான், அதனால் தர்ட் பார்ட்டி மேல் பழி போட வேண்டாம். கையால் ஃபோகஸ் செய்யலாம். ஆனால் லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இல்லை என்றால், இசட்50 பாடியிலும் அது இல்லாததால் 300-ல் 1/500-க்குக் கீழே போகாதீர்கள்.

பள்ளம் இல்லை, மோட்டார் உள்ள லென்ஸ்தான் என்றால் விஷயம் வேறு. கேனான் 1987-ல் இ.எஃப். மவுண்ட் (பாடியில் லென்ஸ் பூட்டும் இடம்) கொண்டுவந்த காலத்திலிருந்து, பாடியும் லென்ஸும் பேசிக்கொள்ளும் மொழியைப் பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் வெளியே சொன்னதில்லை. வெளிக் கம்பெனிகள் ஒட்டுக்கேட்டுத்தான் கற்றுக்கொண்டன. பாடிக் கம்பெனி புது மாடலில் ஒரு வார்த்தையை மாற்றினால் பழைய லென்ஸ் திணறும். 2013-ல் நிக்கான் டி5300 வந்தபோது சில சிக்மா லென்ஸ்களுக்கு அப்படித்தான் ஆனது, சிக்மாவே அறிவித்து ஃபர்ம்வேர் (லென்ஸுக்குள் இருக்கும் மென்பொருள்) மாற்றிக் கொடுத்தது. இசட் வரிசை வந்த பிறகு டாம்ரானும் சில லென்ஸ்களுக்குப் புது ஃபர்ம்வேர் கொடுத்தது. அதனால் பாடி மாற்றியதும் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது லென்ஸ் கம்பெனியின் ஃபர்ம்வேர் அறிவிப்பை.

நிலைமை இப்போது மாறிவருகிறது. சோனி 2011-லேயே இ மவுண்ட் விவரங்களை மற்றக் கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டது. 2022-ல் நிக்கான் இசட்டுக்கு உரிமம் வாங்கி டாம்ரான் 70-300 செய்தது. கேனானின் புது ஆர்.எஃப். மவுண்ட்டுக்கு 2024-ல் சிக்மாவும் டாம்ரானும் அனுமதியோடு லென்ஸ் அறிவித்தன. உரிமம் பெற்ற லென்ஸ் என்றால் இந்தத் திணறல் மிகவும் குறைவு. என் மகளுக்குக் கேமரா வாங்கிக் கொடுத்தபோது நான் போட்டுக் கொடுத்ததும் வெளிக் கம்பெனி ஜூம்தான். அதனால் உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில்: தப்பே இல்லை.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு 70-200 வெளிக் கம்பெனி ஜூம் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கும் இடத்தில் என்ன பார்க்க வேண்டும்? காண்டாக்ட்டை ரப்பரால் துடைக்கலாமா?
— வாசகர், சென்னை

ரப்பர் வேண்டாம். அதன் தூள் மவுண்ட்டுக்குள் போகும், காண்டாக்ட்டின் தங்கப் பூச்சும் தேயும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட நூல் பிரியாத துணி போதும்.

கடைக்கு உங்கள் சொந்தப் பாடியோடு போங்கள். அவர்கள் பாடியில் ஓடுவதைப் பார்த்து வாங்காதீர்கள். 70-லிருந்து 200 வரை மெதுவாகத் திருகிக்கொண்டே ஃபோகஸ் பாருங்கள். லென்ஸை வானத்தைப் பார்க்கப் பிடித்து ஒருமுறை, தரையைப் பார்க்கப் பிடித்து ஒருமுறை. கேபிளோ மோட்டாரோ சோர்ந்திருந்தால் ஒரு பக்கத்திலாவது திக்கும். 200-ல் ஸ்டெபிலைசேஷனை அணைத்து 1/30-ல் ஐந்து படம், ஆன் செய்து ஐந்து படம் எடுங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எஃப் 2.8-லும் எஃப் 11-லும் படம் எடுத்து எர்ரர் வருகிறதா பாருங்கள். பின்பக்கமிருந்து மொபைல் டார்ச் அடித்து, முன்பக்கம் வழியாக உள்ளே பூஞ்சை நூல் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். சென்னைக் காற்றில் அது சகஜம். கடைக்காரர் அவசரப்படுத்தினால் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி முதலிலிருந்து ஒருமுறை பாருங்கள். சூடான பிறகு நின்றுபோகும் லென்ஸ்களும் இருக்கின்றன.